இரங்கல் உரையின் முதல் வரி

"முதல்ல நிமிர்ந்து உட்காருங்க. அப்புறம் படிக்கலாம்."

பெஞ்ச் கிளார்க் சட்டென்று முதுகை நிமிர்த்தினார். எதிரே, மறைந்த நீதிபதியின் அண்ணன். வயது எண்பதைத் தொட்டிருந்தாலும் முதுகு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்ட மாதிரி விறைப்பு.

மாலை நாலு மணிக்கு நீதிமன்ற வளாகத்தில் இரங்கல் கூட்டம். நீதிபதியிடம் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் பேசும் பொறுப்பு கிளார்க்குக்கு. தான் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உரை மேடை ஏற வேண்டும் என்பது பெரியவரின் உத்தரவு.

"எங்க வம்சத்துல கோர்ட் படி ஏறினவன் என் தம்பி ஒருத்தன்தான். அதுவும் நீதிபதியா. தண்டனை வாங்கினவன் ஒருத்தனும் கிடையாது. இதை முதல் வரியா போடுங்க."

போட்டார்.

"ம், படிங்க."

"'ஐயா மேசைக்கு அடியில செருப்பைக் கழற்றி விடுவார். ஒருநாள் ஒரு செருப்பு தள்ளிப் போயிடுச்சு. அது கால்ல அகப்படுற வரைக்கும் எழுந்திருக்க முடியாம, ஒரு வக்கீலை இன்னும் அரை மணி நேரம் பேச விட்டார்.'"

"அடிங்க. நீதிபதியைப் பத்திப் பேசறீங்களா, கோமாளியைப் பத்தியா?"

"ஐயா, இதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். சொல்லலைன்னா, செத்தது வேற யாரோன்னு நினைச்சுக்குவாங்க."

பெரியவர் சிரிக்கவில்லை. கிளார்க் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"'இருபது வருஷத்துல நாற்காலியோட சாய்மானம் ஐயா முதுகைப் பார்த்ததே இல்ல. முதுகுவலி போலன்னு வக்கீல்கள் சேர்ந்து ஒரு மெத்தை வாங்கிக் கொடுத்தாங்க. அது இன்னும் புதுசாவே இருக்கு.'"

"இது இருக்கட்டும்" என்றார் பெரியவர், முதல் தடவையாக முகம் மலர்ந்து.

கிளார்க்குக்குத் தெம்பு வந்தது.

"'ஐயா பதவி ஏற்ற முதல் வாரம். விசாரணை நடக்கும்போது, பின் வரிசையில இருந்து ஒரு ஆசாமி ஐயாவைப் பார்த்துக் கத்திட்டான். கோர்ட் கலையிற வரைக்கும் ஓரமா நிக்கணும்னு ஐயா தண்டனை கொடுத்தார். ஆனா அவன் நிக்கிறதைப் பார்க்க அவருக்கே மனசு வரல. பத்து நிமிஷத்துல பாக்கி வழக்கை எல்லாம் மறுநாளைக்குத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போயிட்டார்.'"

"யாரு அது?" பெரியவரின் குரல் மெதுவாக வந்தது.

"தெரியாதுங்க. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி நடந்தது. கேட்டா, 'பெரிய இடம், வம்பு வேண்டாம்'னு சிரிப்பார். யாராவது குடிகாரப் பயலா இருக்கும்."

"அடிங்க அதை!"

கிளார்க்கின் பேனா கீழே விழுந்தது.

தேநீரோடு வந்த நீதிபதியின் மனைவி, கோப்பையைப் பெரியவர் முன் வைத்தாள்.

"அதை மட்டும் அடிக்கச் சொல்லாதீங்க அத்தான். ஆஸ்பத்திரியில கடைசி நாள்கூட அதைச் சொல்லித்தான் சிரிச்சார்."

"சிரிச்சானா? கோபமா எதுவும் சொல்லலையா?"

"கோபமா? அந்த அதட்டல் இல்லைன்னா நான் நீதிபதியே இல்லைன்னு நர்ஸ்கிட்ட எல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தார்."

பெரியவர் தேநீரைத் தொடவில்லை. சுவரில் இருந்த தம்பியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கதை இருக்கட்டும். முதல் வரியை அடிச்சிருங்க."

"முதல் வரியா? நீங்களே சொன்னீங்களே ஐயா... உங்க வம்சம், தண்டனை..."

"அதேதான். அப்புறம், பத்து நிமிஷம்னு யார் சொன்னது? நாப்பது நிமிஷம். கடிகாரத்துக்கு நேர் கீழே. குடிகாரனும் இல்ல. தம்பி நீதிபதியா உட்கார்ந்திருக்கிற அழகைப் பார்க்கணும்னு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தவன். என்ன கத்தினான்னு எழுதாம விட்டுட்டீங்க, அதையும் எழுதிக்குங்க: 'டேய், முதல்ல நிமிர்ந்து உட்காரு!'"