காலனிகள் ஏன் இணைந்தன?

அந்த விடையை டீச்சர் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

கேள்வித்தாள் அவள் தயாரித்ததுதான். 'பக்கத்துப் பக்கத்தில் இருந்த காலனிகள் ஒரே நாடாக இணைந்தது ஏன்?' ஐந்து மதிப்பெண். 'அமெரிக்க' என்ற சொல்லை எழுத மறந்திருந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு பேச்சித்தாய் எழுதியிருந்தாள்:

'எங்கள் காலனியில் ஆள் செத்தால் ஊர்த் தெரு வழியாகத் தூக்கிப் போக விடமாட்டார்கள். பக்கத்துக் காலனிக்கும் அப்படித்தான். தனியாகப் போய்க் கேட்டால் அடிப்பார்கள். அதனால் இணைந்தார்கள்.'

பாடப்புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. கொஞ்சம் நாகரிகமாக.

பக்கத்து நாற்காலி கோமதிநாயகம் சார் தாளை எட்டி வாங்கிச் சத்தமாகப் படித்தார். ஆசிரியர் அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

"இதுகளுக்குக் காலனின்னா அது ஒண்ணுதான் தெரியும் டீச்சர்."

அவளும் சிரித்தாள்.

சார் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். 'நீங்க என்ன ஆளுக?' என்று அவர் கேட்டபோது, கூசாமல் ஒரு பொய் சொல்லித்தான் சாவி வாங்கினாள். பிறந்து வளர்ந்தது செவல்குளம் காலனியில்.

பிள்ளை மேல் தப்பே இல்லை. ஐந்தும் போடலாம்.

போட்டால், ஏன் என்று சார் கேட்பார்.

முட்டை போட்டாள். சிவப்பில், பெரிதாக, அவர் கண்ணில் படும்படி.

சே, என்ன பிழைப்பு இது.

மறுநாள் தாள்களைக் கொடுத்தாள். அரை மதிப்பெண்ணுக்கும் ஒரு மதிப்பெண்ணுக்கும் பிள்ளைகள் மேசையை மொய்த்தார்கள். பேச்சித்தாய் மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. மணியடித்து எல்லோரும் போனபிறகுதான் வந்தாள்.

டீச்சர் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அது அமெரிக்காவைப் பற்றிய கேள்வி, நீ பாடத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை.

பேச்சித்தாய் தாளை நீட்டவில்லை. வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க அத்தய செவல்குளம் காலனிலதான் கட்டிக் குடுத்திருக்கு டீச்சர். நீங்க யாருன்னு எனக்கு ஜூன் மாசமே தெரியும்."

டீச்சரும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."