இன்னொரு தரம்

கப்பல் ஊஞ்சலில் ஏறுமுன் எல்லோரும் தமயந்தியிடம் எதையாவது கழற்றிக் கொடுத்தார்கள். கணவர் கைக்கடிகாரத்தை, மகள் மூக்குக்கண்ணாடியை, மாமனார் கைக்குட்டையில் சுற்றிய பல்செட்டை. காலையிலிருந்து ஒவ்வொரு ராட்டினத்துக்கும் இதே கதைதான். அவளும் சட்டை மாட்டும் ஸ்டாண்டு போல நின்றுகொண்டிருந்தாள்.

இறங்கி வந்த மாமனார் பல்லைக் கேட்கவில்லை. அவள் தோளிலிருந்த பையை உருவித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ போம்மா. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, எனக்கெதுக்கு மாமா?" என்றவள், அதற்குள் தன் கொண்டைக் கிளிப்பைக் கழற்றி அவர் கையில் வைத்திருந்தாள்.

கப்பல் உச்சிக்குப் போனபோது யாரோ ஓவென்று கத்தினார்கள். அது தன் குரல்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கப்பல் நின்றது. எழுந்தாள். கீழே மாமனார் பொக்கைவாய்ச் சிரிப்போடு ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார், இன்னொரு தரம் என்று.

தமயந்தி இரண்டு விரலைக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள்.