பன்னிரண்டு புள்ளி ஒன்று

பனியன் கம்பெனியின் வாசற்கதவு, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவை உரக்கச் சொல்லும். பதினொன்றுக்குக் கீழே இருந்தால் தையல் மெஷின் கிடையாது. நூல் பிசிர் வெட்டும் அறைதான்.

கோகிலமணி ஏழு மாதமாகப் பிசிர் வெட்டினாள். கம்பெனி தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. எல்லோரையும் போலப் பத்து மணி டீயோடு விழுங்கிவிடுவாள். ஆனாலும் கதவு ஒன்பதுக்கு மேல் சொன்னதில்லை.

"மாத்திரைய முழுங்கறயா, முந்தானைல முடிஞ்சு வெச்சுக்கறயா?" என்று மேஸ்திரி ராசப்பன் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

மாரியம்மன் பூச்சாட்டுக்கு அவள் பதினைந்து நாள் டீயை விட்டு விரதம் இருந்தாள். மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கினாள். பதினாறாம் நாள் கதவு ஒன்பதரை என்றது.

மாறியது டீ ஒன்றுதானே என்று அவள் யோசித்தாள். விரதம் முடிந்த பிறகும் மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீரே குடித்தாள். டீயைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தாள்.

"டீக்காரர்கூடச் சண்டையாக்கா?" என்று பிசிர் அறையில் சிரித்தார்கள்.

விரதம் முடிந்த நான்காம் மாதம் கதவு, "பன்னிரண்டு புள்ளி ஒன்று" என்றது.

கோகிலமணி உள்ளே போகவில்லை. பின்னால் நகர்ந்து மறுபடியும் கதவின் எதிரில் நின்றாள்.

"எனக்குக் கேட்டுச்சு சாமி. போய் மெஷின்ல உக்காரு" என்றார் ராசப்பன்.

"உங்களுக்குக் கேட்டுச்சுங்க. பிசிர் ரூமுக்கும் கேக்கோணுமில்லீங்களா?"

கதவு இன்னொரு முறை சொன்னது.

அன்று பத்து மணிக்கு டீ வந்தபோது, பிசிர் அறையில் ஒருத்தியும் டம்ளரை நீட்டவில்லை.