தொடாத ஆட்டம்

சட்டையை இன்னொரு முறை கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, மேடைப் பக்கம் போகாமல் கயிற்றோரமாக ஒதுங்கி நின்றார்.

மேடையில் அவருக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள். மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தார்கள். காதில் விழாதவர்போல ஆடுகளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே அவர் மகள் இசக்கிப்பிரியா குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கபடி. இறுதி ஆட்டம்.

காலையில் அவள் அதிகம் பேசவில்லை.

"அத வீட்டுல வச்சிட்டு வாங்கப்பா. இல்லன்னா வரவே வேண்டாம்."

அவள் கண்ணெதிரேதான் பீரோவைத் திறந்தார். இடுப்புப் பெல்ட்டிலிருந்து ரிவால்வரை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவள் வேன் ஏறினாள்.

வெறும் இடுப்போடு தெருமுனை வரைக்கும் போனார். டீக்கடை வந்தது. அண்ணனை வெட்டிப் போட்ட டீக்கடை.

கால் தன்னால் வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

அண்ணன் செத்த வருஷம் இவர் வாங்கிய லைசென்ஸ். இன்றுவரை யாரையும் சுட்டதில்லை. இடுப்பில் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். அதுவே வேலை பார்க்கும்.

போன வருஷப் போட்டியிலும் பார்த்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிரணிப் பிள்ளைகள் அவர் இடுப்பைப் பார்த்தார்கள். பிறகு இசக்கிப்பிரியாவைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒருத்தியும் அவளைப் பிடிக்கவில்லை. பாடிக்கொண்டு போவாள், தொடுவாள், வருவாள். கடைத்தெருவுக்குப் போய்வருகிற மாதிரி. சிறந்த ஆட்டக்காரி என்று கோப்பை கொடுத்தார்கள்.

அந்தக் கோப்பையில்தான் இப்போது கோழிக்குத் தவிடு வைக்கிறாள்.

நடுவர் விசில் ஊதினார்.

முதல் முறை பாடிப் போனவளை, இடது மூலையில் நின்ற பெண் கணுக்காலோடு சேர்த்து அமுக்கினாள். மேலே நாலைந்து பேர் விழுந்தார்கள். புழுதி அடங்கியதும் இசக்கிப்பிரியா மண்ணைத் துப்பிக்கொண்டே எழுந்தாள்.

சிரித்தாள்.

பல்லெல்லாம் மண். அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த அம்மாள், அமுக்கியது தன் மகள்தான் என்றாள். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கமாட்டாளாம். இங்கே வந்தால் எருமையைக்கூடச் சாய்ப்பாளாம். அவர் கையிலும் கொஞ்சம் கடலையைக் கொட்டினாள்.

"அந்தப் பிள்ளயும் லேசுப்பட்டதில்ல அண்ணாச்சி. எந்தூரு மவராசி பெத்ததோ."

என் பிள்ளைதான் என்று சொல்ல வாயெடுத்தவர், கடலையைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டார். இரும்பு அடிவயிற்றில் உறுத்தியது.

இசக்கிப்பிரியா மறுபடி உள்ளே வந்து பாடிப் போனாள். அதே பெண் அதே கணுக்காலைப் பிடித்தாள். இந்தத் தடவை இவள் விடவில்லை. விழுந்தபடியே அவளையும் சேர்த்து இழுத்தாள். ஒரு முழம். இன்னும் அரை முழம். கையை நீட்டினாள்.

நடுக்கோட்டில் விரல்நுனி பட்டது.

அவர் தன்னை மறந்தார். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு குதித்தார்.

வயிற்றில் காற்று பட்டது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், கணுக்காலை விட்டுவிட்டு மல்லாந்து கிடந்த அந்தப் பெண் அவர் இடுப்பையே பார்த்தாள்.

கையை இறக்கினார். சட்டையை இழுத்தார்.

அவுட்டாகி வெளியே போகிற வழியில் அவள் தன் கேப்டன் காதில் ஏதோ சொன்னாள். கேப்டன் அடுத்தவளிடம் சொன்னாள்.

பக்கத்தில் கடலைச் சத்தம் நின்றிருந்தது. திரும்பினார். அந்த அம்மாள் தள்ளிப்போய்க் கூட்டத்துக்குள் நின்றிருந்தாள்.

அடுத்து இசக்கிப்பிரியா பாடிப் போனபோது, அவள் காலுக்கு நீண்ட ஒரு கை பாதியிலேயே மடங்கியது. தோசைக்கல்லைத் தொடப் போன கை மாதிரி. அவள் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். யாரும் துரத்தவில்லை.

நின்று எதிரணியைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். பிறகு கயிற்றோரமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவர் கை சட்டை நுனியில் இருந்தது. எடுக்க முடியவில்லை.

அவள் முறைக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து கிடந்தால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படித் திருப்பிக்கொண்டாள்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பார்.

அடுத்த முறை அவள் யாரையும் தொட முயலவில்லை. எதிரணிக்கு நடுவே போய் நின்று பாடினாள். வலது காலை முன்னால் நீட்டினாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் மூன்று பேர் இருந்தார்கள்.

யாரும் குனியவில்லை.

கபடி கபடி என்ற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் தேய்ந்துகொண்டு வந்தது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் கெஞ்சிப் பழகாத குரல். எப்படித் தாழ்வது என்று அதற்குத் தெரியவில்லை.

"பிடிங்கம்மா அவள. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பிடிங்க."

அந்தப் பிள்ளைகள் குரல் வந்த பக்கம் திரும்பினார்கள்.

எல்லோரும் ஒன்றுபோலப் பின்னால் நகர்ந்தார்கள். இரண்டு பேரின் குதிகால் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது.

நடுவர் விசில் ஊதி இரண்டு விரலை உயர்த்தினார். புள்ளி இசக்கிப்பிரியாவின் பக்கத்துக்கு.

அவள் இன்னும் காலை நீட்டியபடியே நின்றாள்.