ஓநாயிடம் சொன்னது

"பூலோகம் அண்ணே, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம். எனக்குப் பயமா இருக்கு."

தலை முதல் கால் வரை கட்டுத்துணி சுற்றிய பிண வேஷத்தில் இருந்த இசக்கிதுரை சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓநாய் மனிதன் பதில் சொல்லவில்லை. ஓநாய்த் தலையையும் கோரைப்பல்லையும் மாட்டிவிட்டால் பூலோகம் பேசமாட்டார். பல் கழன்றால் டைரக்டர் கத்துவார்.

தாராவியின் அந்தச் சந்து முழுக்க மிஷின் விட்ட வெள்ளைப் புகை. தகரக் கூரைகளும் காயப்போட்ட சேலைகளும் மேகத்தில் மிதந்தன. எதிரே ரத்தக்காட்டேரி கறுப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டது. முகமெல்லாம் தையல் போட்ட ராட்சசன் கட்டிங் சாய் என்னும் அரை கிளாஸ் டீயை ஊதி ஊதிக் குடித்தான். இந்த நாலு பேய்களும் சேர்ந்து மும்பையில் வாடகைக்கு வீடு தேடி, வீட்டுக்காரம்மாவைக் கண்டு அலறி ஓடுவதுதான் படத்தின் கதை.

இசக்கிதுரைக்கு அந்தப் புகை ரொம்பப் பிடிக்கும். அதற்குள் உட்கார்ந்தால் மனசில் உள்ளதெல்லாம் தானாக வெளியே வரும். இன்றைக்கும் வந்தது. எல்லாவற்றையும் ஓநாயிடம் கொட்டினான்.

பேய் வேஷம் கட்டுகிறவன் என்று தெரிந்தே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அதனால் இந்தத் தடவை அவன் அம்மா பார்வதியம்மாள், மகனுக்கு மும்பை பக்கத்துக் கல்யாண் ஊரில் ஆபீஸ் உத்தியோகம் என்று தரகரிடம் அளந்துவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பது அவள் கட்சி. போட்டோவும் வந்தது. செம்பூர்ப் பெண், கோகிலவாணி. டியூஷன் டீச்சராம். மோவாயில் சின்னதாக ஒரு தழும்பு. சின்ன வயதில் படியில் விழுந்ததாம். அந்தத் தழும்பிலேயே அவன் மனசு போய் ஒட்டிக்கொண்டது.

"நெசத்தச் சொன்னா கோகிலவாணி கெடைக்க மாட்டாண்ணே. பொய் சொன்னா கெடைப்பா. ஆனா தெனம் காலையில டப்பா கட்டிக் குடுத்து கல்யாண் டிரெயினுக்கு அனுப்புவால்லா? அந்தச் சோத்த நான் எங்க உக்காந்து திங்க?"

ஓநாய் மெல்லத் திரும்பி அவனையே பார்த்தது.

"சொல்லிரப் போறேன். நான் ஆபீஸர் இல்ல, பேய்தான்னு. போனாப் போறா."

நல்லவேளை, கண்ணீரைக் கட்டுத்துணி குடித்துவிட்டது. ஓநாய் தன் ரோமக் கையை அவன் கைமேல் வைத்தது.

அப்போது புகையை விலக்கிக்கொண்டு, காலில் மாவுக்கட்டோடு நொண்டி நொண்டி ஒருவர் வந்தார். பூலோகம்.

"நேத்துப் படியில வழுக்கிட்டம்ல. கூரை விட்டுக் கூரை தாவுறதுக்கு இன்னைக்கு எனக்கு டூப் போட்டிருக்காவ," என்றார்.

இசக்கிதுரை சட்டென்று பக்கத்தில் பார்த்தான். ஓநாய் தன் தலையைக் கழற்றி மடியில் வைத்தது. வேர்வையில் நனைந்த ஒரு பெண்முகம். மோவாயில் தழும்பு.

"இது படியில விழுந்ததில்ல. ஷூட்டிங்ல மாடியில இருந்து குதிச்சப்ப பட்டது," என்றாள் கோகிலவாணி. "எங்க வீட்டுலயும் பொய்தான் சொல்லிருக்காவ. டப்பாவ ரெண்டாவே கட்டிருவோம். இங்கனயே உக்காந்து திம்போம்."