மலைக்கு ஒரு தீயணைப்பு வண்டி

“வண்டி கீழ நின்னா எங்களுக்கு எதுக்குங்க சார்? அத்தனை கொண்டை ஊசி வளைவையும் சுத்தி அது மேல வாரதுக்குள்ள இங்க சாம்பல்தான் மிச்சம் இருக்கும்!”

அர்த்தனாரி எழுந்து நின்று சத்தமாகத்தான் சொன்னார். சோளக்காட்டுச் சந்தைக் கொட்டாயில் உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் கை தட்டியது.

தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி கருத்துக் கேட்க வந்திருந்தார். இந்தப் பக்கத்துக்குப் புதுசாக ஒரு நிலையம் வரப்போகிறதாம். அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் வைப்பதா, மலை மேலேயே வைப்பதா? நீங்கள் சொல்லுங்கள், எழுதி மேலே அனுப்புகிறேன் என்றார்.

“மலை மேலதானுங்க!” என்று ஒரே குரல்.

அர்த்தனாரி விடவில்லை. “பங்குனியில அத்தாயி ஊடு எரிஞ்சுதே, வண்டி வரலையான்னா வந்துது. எல்லாம் முடிஞ்சப்பறம் வந்துது. நாங்கதான் தழையை ஒடிச்சு அடிச்சு அடிச்சு அணைச்சோம்.”

முன்னால் உட்கார்ந்திருந்த அத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாவம், அவளுக்கு வீடு போச்சு, விதைக்கு வைத்திருந்த சாமை போச்சு, மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியும் போச்சு.

அதிகாரி நிமிர்ந்தார். “சரி, அந்தத் தீ எப்படிப் பிடிச்சுது?”

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“சொல்லுங்க. கோடையில காட்டுப் புல்லைக் கொளுத்திட்டுத்தானே நீங்க சாமை விதைக்கிறீங்க? அதுல பரவுன தீன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. ‘அவங்களே வெச்சுக்கிற நெருப்புக்கு நாம வண்டி குடுக்கணுமா, முதல்ல கொளுத்துறதை நிறுத்தச் சொல்லு’ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வெச்ச ஆள் மேல வனத்துறை கேசு வேற வரும்.”

நின்றுகொண்டிருந்த அர்த்தனாரி மெல்ல உட்கார்ந்தார்.

அத்தாயி வீட்டுக்குக் கீழ்ப்புறம் இருப்பது அவர் சாமைக் காடு. அன்றைக்கு அங்கே புல்லைக் கொளுத்தினவர் அவர்தான். விடியக்காலையில், காற்று கிளம்பும் முன்னே கொளுத்தி முடிப்பதுதான் மலை வழக்கம். அன்றைக்கென்று பார்த்து மாடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. அதைத் தேடிப் பிடித்து வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விட்டிருக்கலாம். மனுசன் விடவில்லை. காற்று வந்தது. தீ அவர் கையை விட்டுப் போனது. ஓடிப் போய், ஊர்ச்சனத்தோடு சனமாகத் தழையை ஒடித்துக்கொண்டு திரும்பி வந்தார். யாரும் பார்க்கவில்லை.

“லாரிக்காரனுங்க பீடிதானுங்க சார்!”

அவர் வாய்தான் சொன்னது.

“மிளகு ஏத்த வாரவனுங்க ரோட்டோரம் நிறுத்துவானுங்க. பீடியைக் குடிச்சு வீசிட்டுப் போயிருவானுங்க.”

சனம் மொத்தமும் ஓரத்தில் நின்ற சேக் மைதீன் பக்கம் திரும்பியது. அவர் காளப்பநாயக்கன்பட்டி வியாபாரி. மலை மிளகும் பலாவும் அவர் லாரியில்தான் கீழே இறங்கும். மிளகை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, ‘ஈரமா இருக்குதுங்களே’ என்று விலையைக் குறைக்காமல் ஒரு மூட்டை எடுக்க மாட்டார். அப்படிப்பட்டவரைத் திட்டச் சந்தர்ப்பம் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

“அதான் பாய் கூட்டத்துக்கு வந்திருக்காரு! ஸ்டேசனைக் கீழ தன்ர குடோனுக்குப் பக்கத்துல கேக்கறதுக்கு!”

“என்னங்க பாய், பேச்சையே காணோம்? மிளகு எடை போடறப்ப மட்டும் அந்தப் பேச்சுப் பேசறீங்க!”

அதிகாரி கேட்டார். “உங்க லாரிதானா?”

சேக் மைதீன் அர்த்தனாரியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“ஆமாங்க சார், நம்ம ஆளுங்கதான். இனிமே நடக்காமப் பாத்துக்கறேன். வண்டியை நீங்க மலையிலயே வெச்சுருங்க. கீழ எங்களுக்குச் சேந்தமங்கலம் ரோடு இருக்குது, எங்கிருந்தாலும் வந்துரும். இவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லை.”

அத்தாயி எழுந்து அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

“உங்களுக்கு நா என்னங்க பாவம் பண்ணுனேன்? ஒரு பீடித் துண்டை மிதிச்சு அணைக்க உங்க ஆளுங்களுக்குக் காலு இல்லீங்களா? தீ வெச்ச அந்தக் கையி வெளங்குமா?”

“தப்புத்தானுங்கம்மா,” என்றார் மைதீன், தலையைக் குனிந்தபடி.

அர்த்தனாரி கொட்டாய்க் கூரையில் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

மலை மேலேதான் நிலையம் வேண்டும் என்று தான் எழுதி அனுப்புவதாக அதிகாரி சொன்னார். மறுபடியும் கைதட்டல். கூட்டம் கலைந்தது.

வெளியே வந்த அர்த்தனாரிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நடக்க நடக்க ஒரு யோசனை வந்தது. அந்த ஆளே ஒத்துக்கிட்டாரே, அப்படீன்னா நெசமாலுமே பீடிதான் விழுந்திருக்குமோ? நம்ம தீ நம்ம வரப்போடயே நின்னிருக்கும். ஆமா, அப்படித்தான் இருக்கும். டீக்கடையைத் தாண்டுவதற்குள் மனுசன் அதை முழுசாக நம்பிவிட்டார்.

நேராக லாரிக்குப் போனார். பெரிய மனசு பண்ணி மைதீன் தோளில் கை வைத்தார்.

“விடுங்க பாய். மனுசன்னா தப்பு நடக்கறதுதான். அத்தாயிகிட்ட நா பேசிக்கறேன். ஆனா உங்க ஆளுங்களைக் கொஞ்சம் நல்லாக் கண்டிச்சு வையுங்க.”

மைதீன் லாரிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

“எதைச் சொல்லிங்க கவுண்டரே கண்டிக்கறது? தீப்புடிச்ச அன்னைக்கு எங்களுக்கு ரம்ஜான் பெருநாளு. லாரி மலையே ஏறலீங்களே.”