பாக்கி நாலு பேர்

“பாக்கி எல்லாம் செவுத்தோரம் போங்கன்னு பி.டி. மாஸ்டர் சொல்லியிருக்கார் மேடம். கிளாஸ்ல முப்பத்தாறு பிள்ளைங்க. அத்தனை பேர் எதிர்லயும், எம் பொண்ணப் பாத்து!”

ஜாஃபர் மேஜைமேல் வைத்த காகிதம், டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பம். பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவில் சோபா தைக்கும் மனிதர், உரக்கப் பேசிப் பழக்கமில்லாதவர். இன்றைக்குக் குரல் உயர்ந்திருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் ஷிஃபா, தன் ஷூ முனையைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றாள்.

“பாக்கின்னா பாகிஸ்தான்காரங்கன்னு அர்த்தம். போன்ல இப்ப அப்படித்தான மேடம் திட்டுறாங்க? இந்த ஸ்கூல் இவளுக்கு வேணாம்.”

தலைமை ஆசிரியை பெர்னதெத் விண்ணப்பத்தை ஒரு முறை படித்துப் பார்த்தார். எல்லையில் சண்டை மூண்ட இந்தப் பத்து நாளில் பள்ளிக்கூடமே நாறிப்போயிருந்தது. பச்சை ஹவுஸின் பெயரை மாற்றச் சொல்லிப் பதினோரு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது எதிரி நாட்டுக் கொடியின் நிறமாம்.

பச்சைப் பனியன் போட மாட்டோம் என்று பிள்ளைகளும் அடம்பிடித்தன. அதுகள் வாயில் வருகிற வார்த்தைகளைக் கேட்டால் காதைக் கழுவத் தோன்றியது. இப்போது வாத்தியாருமா? சீ என்றிருந்தது அவருக்கு.

பி.டி. மாஸ்டர் நாகேஷைக் கூப்பிட்டனுப்பினார். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் வெலவெலத்துப்போனார்.

“தேவராணெ, கடவுள் சத்தியமா மேடம், அப்படி ஒரு அர்த்தமே இல்ல! சைரன் ஊதினா என்ன பண்ணணும்னு நேத்து ட்ரில் வெச்சேன். பதினாறு பதினாறா ரெண்டு டீம். ஒரு டீம் அடிபட்டவங்க, இன்னொரு டீம் அவங்களைத் தூக்கிட்டு ஓடுறவங்க. பாக்கிப் பேரை ஓரமா நிக்கச் சொன்னேன். பாக்கின்னா மிச்சம் மேடம்! கன்னடத்துலயும் அதான், உருதுலயும் அதான்.”

அவர் ஜாஃபர் பக்கம் திரும்பினார். “ஏன் பாய், ‘பாக்கி வேலையை நாளைக்கு முடிச்சுத் தரேன்’னு கடையில நீங்க சொல்ல மாட்டீங்க?”

ஜாஃபரின் முகம் சுண்டிப்போயிற்று. தினமும் பத்துத் தடவை சொல்கிற வார்த்தைதான்.

பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

“பாருங்க ஜாஃபர் சார். ஊருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னா, நாமளும் ஒவ்வொரு வார்த்தையா மோந்து பாக்கணுமா? டெம்பரரி வேலையில இருக்கிற மனுஷன். இந்தப் பேச்சு வெளியில போச்சுன்னா அவர் கதி என்ன ஆகும்? ஒரு சாரி சொல்லிடுங்க.”

ஜாஃபர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். “மாஃப் பண்ணிடுங்க மாஸ்டர். புள்ள நேத்துலேர்ந்து சாப்பிடல. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு.”

“பரவால்ல விடுங்க பாய்” என்று நாகேஷ் பெரிய மனது பண்ணினார்.

ஜாஃபர் விண்ணப்பத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பெர்னதெத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இந்தப் பத்து நாளில் ஒரு விவகாரமாவது நல்லபடியாக முடிந்ததே!

“கிளாஸுக்குப் போம்மா. பாக்கின்னா மிச்சம்னு புரிஞ்சுதா இப்ப?”

ஷிஃபா தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை.

“மேடம், முப்பத்தாறை ரெண்டாப் பிரிச்சா பதினெட்டு பதினெட்டுதானே வரும்?”

“ஆமா. அதுக்கென்ன?”

வாசல்வரை போயிருந்த நாகேஷ் நின்றார்.

“அப்ப நான், இம்ரான், சானியா, ஜுனைத் மட்டும் எப்படி மேடம் மிச்சம்?”